மலையில்லா நாட்டில் மலைப்பாட்டு

ஓரிடத்தில் நிலைத்து வாழும் குடிகள், ஊர் ஊராக அலைந்து வாழும் மக்களை நோக்கும் நோக்கில் அச்சமும் ஆசையும் கலந்தே இருக்கும். பாம்புப் பெட்டியைத் தோளில் தொங்கவிட்ட குறவர் ஒருவர் ஒழுங்கைக்குள் வந்தால், வீட்டுப் பெரியவர்கள் படலையைச் சாத்துவர். அவர் போன பின்னர் கோழிகளை எண்ணிப் பார்ப்பர். பிள்ளைகளோ வேலிப் பொட்டுக்குள்ளால் தலையை நீட்டி, மகுடி ஓசை கேட்கும் தொலைவு வரை பார்த்து நிற்பர். ‘இவர்களுக்கு வீடில்லை’ என்று பெரியவர் இரங்குவர். ‘இவர்களுக்குப் பள்ளிக்கூடமில்லை’ என்று பிள்ளைகள் பொறாமை கொள்வர்.

இந்த இரண்டு உணர்ச்சிகளும் உலகத்து நாடக மேடைகளிலே பாட்டாகியிருக்கின்றன. வீடும் வேலியும் வழக்கமும் வேண்டாம் என்று ஒதுங்கி வாழ்பவர்கள் தங்கள் வாழ்வைத் தாங்களே புகழ்ந்து பாடும் பாட்டு மேலைநாட்டு இசை நாடகத்திலும் உண்டு. தமிழ் நாடகத்திலும் உண்டு. தமிழில் அதன் பெயர் குறத்திப் பாட்டு. யாழ்ப்பாணத்துப் புலவர்களும் அதனைப் பாடினர்.

மேலைநாட்டு வழக்கை முதலில் நோக்குவோர்க்குத் தமிழ் வழக்கின் தனித்தன்மை எளிதில் விளங்கும். ஐரோப்பாவில் ஊர் ஊராகத் திரிந்த ரோமானி மக்களைப் பிரெஞ்சுக்காரர் பொகீமியர் என்று அழைத்தனர். பதினைந்தாம் நூற்றாண்டில் அவர்கள் பிரான்சுக்கு வந்தபோது, பொகீமியா என்னும் நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று கருதப்பட்டமையே இப்பெயருக்குக் காரணம். அக்கருத்துத் தவறானது. ரோமானி மொழி வட இந்திய மொழிகளோடு உறவுடையது. அம்மக்களின் முன்னோர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இந்தியாவின் வடமேற்குப் பகுதியிலிருந்து புறப்பட்டவர்கள் என்பதை மொழியாராய்ச்சி நிறுவியுள்ளது. எனினும் பிழையாக இட்ட பெயரே நிலைத்துவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அப்பெயர் வேறொரு கூட்டத்தாரைச் சென்று சேர்ந்தது. பாரிசு நகரத்தின் மாடியறைகளில் வாடகை கொடுக்க வழியின்றி, குளிர்காய விறகின்றி, ஓவியமும் கவிதையும் இசையும் செய்துகொண்டிருந்த இளைஞர்கள் தங்களைப் பொகீமியர் என்று சொல்லிக்கொண்டனர். அவர்களுள் ஒருவரான ஆன்றி மூர்ஜே என்னும் எழுத்தாளர், அவ்வாழ்வைச் சிறு சிறு சித்திரங்களாகப் பத்திரிகையில் எழுதினார். 1849இல் அவை நாடகமாயின, 1851இல் நூலாயின. இத்தாலிய இசைமேதை புச்சினி அக்கதையை எடுத்து ‘லா போயெம்’ என்னும் இசை நாடகமாக்கினார். அது 1896ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாம் நாள் தூரின் நகரில் அரங்கேறியது.

அதன் பின் நூறாண்டு கழிந்து, 1996இல், நியூயோர்க்கில் அதே கதை ‘ரெண்ட்’ என்ற பெயருடன் மீண்டும் மேடைக்கு வந்தது. அச்சொல்லுக்கு வாடகை என்பது பொருள். பாடலும் இசையும் கதையும் ஜொனதன் லார்சன் என்பவருடையவை. அந்நாடகத்தின் முற்பாதி, ஓர் உணவுக்கடையிலே நண்பர்கள் கூடிப் பாடும் ஒரு பெரும்பாட்டுடன் முடிகிறது. பொகீமிய வாழ்வு செத்துவிட்டது என்று கடையில் இருந்த செல்வர் ஒருவர் கூற, நண்பர்கள் அதற்கு இழவுச் சடங்கு நடத்துவதுபோல வேடிக்கையாகத் தொடங்குகின்றனர். பின்னர் மேசைமேல் ஏறி, தங்கள் வாழ்வைச் சேர்ந்த ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிப் போற்றுகின்றனர். உண்ணும் உணவு, போற்றும் கலைஞர், கொண்ட காதல், ஊரார் இகழும் வழக்கம் ஆகிய யாவும் அப்பட்டியலில் இடம்பெறுகின்றன. அவர்களுட் சிலர் எயிட்ஸ் நோயுற்றவர். பாட்டின் நடுவே மருந்து உண்ணும் வேளையை அறிவிக்கும் சிறு கருவி ஒலிக்கிறது. சாவு அண்மையில் இருக்கிறதென்று அறிந்தவர்கள் வாழ்வைக் கொண்டாடுகிறார்கள் என்பது அந்த ஒலியினாலே புலனாகிறது. இந்நாடகம் பிராட்வே அரங்கில் 2008 வரை 5,123 முறை ஆடப்பட்டது. அதனை இயற்றிய லார்சனோ, முதல் முன்காட்சி நடைபெறவிருந்த நாளான 1996 ஜனவரி 25இல், முப்பத்தைந்தாம் வயதிலே இறந்துபோனார்.

இத்தகைய பாட்டின் இலக்கணம் இரண்டு கூறுகளைக் கொண்டது. அது பட்டியற் பாட்டு என்பது ஒன்று. உலகம் குறையென்று எண்ணுவதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பெருமையென்று அடுக்கிச் சொல்வது மற்றொன்று. இவ்விரண்டும் தமிழ்க் குறவஞ்சியிலே பாரிசு மாடியறைகளுக்கு நூறாண்டுக்கு முன்னரே அமைந்துவிட்டன.

குறவஞ்சி என்பது குறத்தியாகிய வஞ்சி எனப் பொருள்படும். குறி சொல்லும் பெண்ணைச் சங்கப் புலவர் அகவன் மகள் என்று அழைத்தனர். பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சியம்மை மீது ‘குறம்’ பாடினார். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய திருக்குற்றாலக் குறவஞ்சி இவ்வகைக்குச் சிகரமாயிற்று. மதுரை நாயக்க மன்னர் முத்து விசயரங்க சொக்கநாதர் அதற்குப் பரிசாக நிலம் அளித்தார். அந்நிலம் குறவஞ்சி மேடு எனப் பெயர் பெற்றது. அலைந்து திரிபவளின் பாட்டுக்கு, என்றும் அகலாத நிலம் பரிசாகக் கிடைத்தது என்பது எண்ணத் தக்கது.

குறவஞ்சி நாடகத்தின் கதை நெடியதன்று. கட்டியங்காரன் வந்து தலைவனின் உலாவை அறிவிப்பான். தலைவன் இறைவனாகவோ அரசனாகவோ இருப்பான். பந்தாடிக்கொண்டிருக்கும் தலைவி அவனைக் கண்டு காதல் கொள்வாள், நிலவையும் தென்றலையும் நொந்துகொள்வாள், தோழியைத் தூதனுப்புவாள். அந்த வேளையில் கையிலே மாத்திரைக்கோலும் இடுப்பிலே கூடையுமாகக் குறத்தி தெருவில் வருவாள். அவளை அழைத்துக் குறி கேட்பர். அவள் தன் மலையின் வளத்தையும், சென்றுவந்த நாடுகளையும், தன் குலத்தின் வழக்கங்களையும், குறி சொல்லிப் பெற்ற பரிசில்களையும் பாடி, தலைவியின் கையைப் பற்றி, எண்ணியது கைகூடும் என்று உரைத்து, பொன்னும் மணியும் பெற்றுச் செல்வாள். பின்னர் அவளுடைய கணவனாகிய சிங்கன், நூவன் என்னும் துணைவனோடு வயலிலே பறவைகளுக்குக் கண்ணி வைக்க வருவான். மனைவியைக் காணாமல் தேடுவான். இறுதியில் அவளைக் கண்டு, அவள் பூண்டிருக்கும் அணிகள் இன்னவென்று அறியாமல், பாம்போ பூச்சியோ என்று ஐயுற்றுக் கேட்பான். அவள் விடை கூறுவாள். சிந்தும் கண்ணியும் கீர்த்தனையும் விருத்தமும் மாறி மாறி வர, நாடகம் மகிழ்ச்சியோடு முடியும்.

இதில் முதலில் கருதவேண்டியது பெயர். நாடகத்தின் தலைவன் கடவுள் அல்லது அரசன். தலைவி உயர்குடிப் பெண். இருந்தும் நூலுக்குப் பெயர் தந்தவள் தெருவில் வந்த குறத்தி. உலாப் போனவனை மறந்தவர்களும் குறி சொன்னவளை மறப்பதில்லை.

இரண்டாவது, குறத்தியின் பேச்சு. அவள் பிச்சை கேட்டு வருபவள் அல்லள். அவளிடம் ‘உன் நாடு எது? உன் மலை எது?’ என்று கேட்டால், ஏழையின் ஒடுக்கத்தோடு விடை கூறாமல் அரசியின் மிடுக்கோடு விடை கூறுவாள். அருவியும் தேனும் குரங்கும் யானையும் மூலிகையும் முனிவரும் நிறைந்த மலை தன்னுடையது என்பாள். கால் நடந்த நாடுகளையெல்லாம் வரிசையாக அடுக்குவாள். கிழங்கு தோண்டுவதும், தேனெடுப்பதும், பச்சை குத்துவதும், பாசிமணி கோப்பதும் தன் குலத்தின் தொழில் என்று பெருமை பேசுவாள். சோறு, கூலி, சேலை ஆகியவற்றை உரிமையாகக் கேட்டு வாங்குவாள். நியூயோர்க் உணவுக்கடையில் மேசைமேல் ஏறிப் பாடியவர்களும் இதனையே செய்தனர். தம்மை இழிவென்று சொல்வோர்க்கு நடுவில் தம் உடைமைகளை எண்ணிக் காட்டுவது இப்பாட்டின் வேலை.

மூன்றாவது, கை. குறி கேட்கும் உயர்குடித் தலைவி தன் கையை நீட்ட வேண்டும். குறத்தி அதனைப் பற்ற வேண்டும். தொடுதலையே தீட்டென்று எண்ணிய சமுதாயத்தில், மேடையின் நடுவே, அனைவரும் காண நடைபெற்ற தொடுதல் இது. தலைவியின் தாய் தந்தையர்க்கும் தெரியாத உள்ளத்து நோயைக் குறத்தியே சொல்லிவிடுகிறாள். வேலிக்கு உள்ளே இருப்பவளின் விடுதலைச் செய்தி, வேலிக்கு வெளியே இருப்பவளிடமிருந்து வருகிறது.

இந்நாடகவகை பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் கடல் கடந்து யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் வேர்கொண்டது. இருபாலைச் சேனாதிராய முதலியார் நல்லூர் மீது நல்லைக் குறவஞ்சி பாடினார் என்று புலவர் வரலாறுகள் கூறும். ஆறுமுக நாவலர் இளமையில் அவரிடம் கல்வி கற்றவர். அராலி விசுவநாத சாஸ்திரியார் பெயரில் வண்ணைக் குறவஞ்சி, நகுலமலைக் குறவஞ்சி என இரண்டு நூல்கள் வழங்குகின்றன. முதலாவது வண்ணார்பண்ணையையும் இரண்டாவது கீரிமலையையும் சார்ந்தவை.

விசுவநாத சாஸ்திரியார் பஞ்சாங்கம் கணித்த சோதிடர். கோள்களின் நிலையைக் கணக்கிட்டு நாளும் கோளும் குறிப்பது அவர் தொழில். 1829ஆம் ஆண்டுச் சந்திர கிரகணத்தின்போது, அவர் கணிப்பும் வட்டுக்கோட்டைச் செமினரியின் அமெரிக்க மிசனரிகளது கணிப்பும் ஒப்பிட்டு நோக்கப்பட்டுப் பெரும் வாதத்துக்கு இடமாயின. ஏடும் எண்ணும் கொண்டு எதிர்காலம் உரைத்த அப்பிராமணப் புலவர், கையைப் பார்த்து எதிர்காலம் உரைக்கும் குறத்தியின் வாயிலே தம் செய்யுளை வைத்துப் பாடினார். இருவர் தொழிலும் ஒன்றே. ஒருவரைப் பஞ்சாங்க ஐயர் என்று வீட்டுக்குள் அழைத்து இருத்துவர்; மற்றவளை முற்றத்தில் நிறுத்துவர். குறவஞ்சி பாடிய வேளையில் அப்புலவர் இவ்விரு இடங்களுக்கும் இடையிலான தூரத்தைக் கற்பனையில் நடந்து கடந்தார் எனலாம்.

யாழ்ப்பாணத்துக் குறவஞ்சியில் இன்னுமொரு விந்தை உண்டு. குறத்திக்கு மலை இன்றியமையாதது. மலைவளம் பாடாத குறத்தி குறத்தியே அல்லள். ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை. அது கடல்மட்டத்துக்குச் சற்றே மேலாகக் கிடக்கும் சுண்ணாம்புக்கல் வெளி. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை, அருவி இல்லை. மழைநீர் கல்லிடுக்கின் வழியே நிலத்தடிக்கு இறங்க, கிணறு வெட்டித் துலா மிதித்து இறைத்தே தோட்டம் செய்தனர் அந்நாட்டு மக்கள். கீரிமலை என்று பெயர் பெற்ற இடமும் கடற்கரையோரத்துச் சிறு மேட்டுநிலமே. உப்புக் கடலின் விளிம்பிலே நன்னீர் ஊற்றெடுக்கும் கேணியே அதன் பெருமை. நகுலம் என்றால் கீரி. கீரிமுகம் கொண்ட முனிவர் ஒருவர் அங்கே நீராடி அம்முகம் நீங்கப்பெற்றார் என்பது தலபுராணம்.

மலையில்லாத நாட்டில், மலை என்ற பெயரை மட்டும் கொண்ட ஓரூரின் மீது, மலைமகளின் பாட்டு எழுந்தது. அப்பாட்டைக் கேட்டவர்கள் குறிஞ்சி நிலத்தைக் கண்டறியாத கமக்காரர், நெசவாளர், மீனவர், வணிகர். அருவியைக் கேட்டதில்லை, துலாவின் கிரீச்சொலியைக் கேட்டனர். ஆதலின் குறத்தி பாடிய மலை அவர்களுக்கு நிலப்படத்தில் உள்ள இடமன்று; வேலியில்லாத இடத்துக்கு ஒரு பெயர்.

வேலி என்பது யாழ்ப்பாண வாழ்வில் சிறு பொருளன்று. கதிகால் நாட்டி, பனையோலையோ கிடுகோ வைத்துக் கட்டிய வேலி ஒவ்வொரு வளவையும் சூழ்ந்து நின்றது. வேலி அடைப்பது ஆண்டுதோறும் செய்யும் வேலை. எல்லைக் கதிகால் ஒன்று ஓரடி நகர்ந்ததால் தலைமுறை தலைமுறையாக வழக்காடிய குடும்பங்களும் உண்டு. காணி, சீதனம், சாதி, உறவு ஆகிய யாவற்றுக்கும் வேலியே அடையாளம். இத்தகைய நாட்டில், எந்த வளவும் தனதல்லாத ஒருத்தி, எல்லா நாடும் தனது என்று பாடிக்கொண்டு வருவதைக் கேட்பது எவ்வளவு இன்பம் தந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

அதே யாழ்ப்பாணத்தில் சங்கடப் படலை என்ற ஒன்றும் இருந்தது. வீட்டு வாயிற் படலைக்கு மேலே சிறு கூரை வேய்ந்து, இருபுறமும் திண்ணை அமைத்திருப்பர். வெயிலிலும் மழையிலும் வரும் வழிப்போக்கர் அங்கே தங்கி இளைப்பாறுவர். வழிப்போக்கரை மதித்த பண்பாட்டின் நல்ல சின்னம் அது. ஆயினும் அது படலையில் இருந்தது; வீட்டினுள் இருக்கவில்லை. நிழல் உண்டு, தண்ணீர் உண்டு, இருக்கை உண்டு. உள்ளே வர வழி மட்டும் இல்லை. குறவஞ்சி நாடகமும் ஒருவகையிற் சங்கடப் படலையே. அலைபவர்க்கு மேடையில் இடம் தந்தது, பாட்டுத் தந்தது, நூலின் பெயரையும் தந்தது. விடிந்ததும் மேடை கலைந்தது. உண்மைக் குறத்தி படலைக்கு வெளியேதான் நின்றாள்.

சமயத்திலும் இதே நிலையைக் காணலாம். முருகப் பெருமானின் துணைவியருள் வள்ளி குறவர் மகள். தினைப்புனம் காத்த பெண். நல்லூரிலும் மாவிட்டபுரத்திலும் செல்வச்சந்நிதியிலும் தேரேறி வருபவள். ‘வள்ளி திருமணம்’ இசை நாடக மேடைகளில் விடிய விடிய ஆடப்பட்ட கதை. ஆர்மோனியமும் மிருதங்கமும் முழங்க, கிழவேடம் பூண்ட முருகன் குறமகளிடம் தேனும் தினைமாவும் இரந்து உண்பதைக் கண்டு மக்கள் சிரித்தனர், உருகினர். காங்கேசன்துறையில் நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) வளர்த்த வசந்த கான சபை போன்ற குழுக்களால் இவ்விசை நாடக மரபு குடாநாடெங்கும் பரவியது. குறமகளின் கையால் இறைவன் உணவு வாங்கி உண்பதை மேடையிற் கண்டு உருகியவர்களிற் பலர், தம் அயலவர் கையால் தண்ணீர் வாங்கி அருந்தாதவர்கள்.

இந்த முரண்பாடு 1968இல் வெளிப்படையாயிற்று. சாதியின் பெயரால் ஒருவரைப் பொது இடத்திலிருந்து விலக்குவதைக் குற்றமாக்கிய சட்டம் 1957லேயே இலங்கையில் நிறைவேறியிருந்தது. எனினும் பல கோயில்களின் கதவுகள் திறக்கவில்லை. 1968ஆம் ஆண்டுத் திருவிழாக் காலத்தில், ஒடுக்கப்பட்ட மக்கள் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுள் வழிபட வழி கேட்டு நின்றனர், வழி மறிக்கப்பட்டது. கீரிமலைக்கு மிக அண்மையில் உள்ளது மாவிட்டபுரம். நகுலமலைக் குறவஞ்சியின் குறத்தி உண்மையாகவே நடந்து வந்திருந்தால், சிறிது நேரத்தில் அக்கோயில் வாயிலை அடைந்திருப்பாள். குதிரைமுகம் கொண்டு வருந்திய சோழ இளவரசி ஒருத்தி, தீர்த்தமாடி அம்முகம் நீங்கப்பெற்று எழுப்பிய கோயில் அது என்பர். மாமுகம் விட்ட புரம் என்பதே பெயருக்குச் சொல்லப்படும் பொருள். ஒதுக்கப்பட்ட வடிவோடு நெடுந்தொலைவிலிருந்து வந்தவள் எழுப்பியதாகக் கூறப்படும் கோயிலில், ஒதுக்கப்பட்டவர்க்கு வாயில் அடைக்கப்பட்டது.

இதன் பின்னரே யாழ்ப்பாண மேடை தன் பாட்டை வேறு வகையாகப் பாடக் கற்றது. என். கே. ரகுநாதன் கோயில் நுழைவுப் போராட்டத்தை வைத்துக் ‘கந்தன் கருணை’ என்னும் நாடகத்தை எழுதினார். அதனை அம்பலத்தாடிகள் என்ற குழுவினர் காத்தவராயன் கூத்தின் மெட்டில் அமைத்து, 1970களில் ஆடினர். அவர்கள் அந்த மெட்டைத் தெரிந்தெடுத்தது பொருத்தமே. காத்தவராயன் கூத்து குடாநாட்டுக் கிராமங்களில் மாரியம்மனுக்கு நேர்த்தியாக ஆடப்பட்டுவந்தது. தனக்கு எட்டாத குலத்துப் பெண்ணான ஆரியப்பூமாலையைக் காதலித்து, வேடம் பல மாற்றி, கட்டுப்பாடுகளை மீறி, இறுதியிற் கழுமரம் ஏறுபவனின் கதை அது. ஊரார் குழந்தைப் பருவம் முதற் கேட்டுப் பழகிய மெட்டிலே, ஊரார் கேட்க விரும்பாத செய்தி வந்தது. குறவஞ்சி மேடை வரை அழைத்து வந்தவர்களைக் ‘கந்தன் கருணை’ கோயில் வாயில் வரை அழைத்துச் சென்றது.

அலைந்து வாழும் வாழ்வைப் போற்றும் பாட்டைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அலைதல் இருவகை. விரும்பி அலைதல் ஒன்று. விரட்டப்பட்டு அலைதல் மற்றொன்று. பாரிசு மாடியறையில் இருந்த இளைஞர்களுட் சிலர்க்குத் திரும்பிப் போக வீடு இருந்தது. மூர்ஜேக்கு அத்தகைய வசதி இல்லை. அவர் ஏழைத் தையற்காரரின் மகன். பொகீமிய வாழ்வு கலைக்கழகத்திலோ ஆசுபத்திரியிலோ பிணவறையிலோ முடியும் என்று அவரே தம் நூலின் முன்னுரையில் எச்சரித்தார். 1861இல், நாற்பது வயது நிரம்புமுன்னரே இறந்தார். அவர்களுக்குப் பெயர் தந்த ரோமானி மக்களுக்கோ தெரிவு என்பதே இருக்கவில்லை. நாட்டுக்கு நாடு துரத்தப்பட்டனர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நாசிகளால் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டனர். அவர்கள் பெயர் அரங்குகளில் புகழ்பெற்றிருந்த காலத்திலேயே அது நிகழ்ந்தது.

இலங்கையிலும் தெலுங்கின் ஒரு வழக்கைப் பேசி, பாம்பாட்டியும் கைரேகை பார்த்தும் வாழ்ந்த மக்கள் உள்ளனர். சிங்களத்தில் அகிகுண்டிகர் என்றும் தமிழிற் குறவர் என்றும் அழைக்கப்படுபவர் அவர்கள். அம்பாறை மாவட்டத்து அளிக்கம்பை போன்ற ஊர்களில் அவர்களிற் பலர் நிலைத்த குடிகளாகி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியுள்ளனர். வீடு வேண்டாம் என்பது அவர்களுடைய பாட்டன்று. வீடுடையவர்கள் அவர்களுக்காகப் புனைந்த பாட்டு அது.

வேலியின் அருமையை யாழ்ப்பாணத்தவர் பின்னர் மிகக் கொடிய வழியால் அறிந்தனர். 1990இல் போரினால் வலிகாமம் வடக்கு மக்கள் தம் ஊர்களை விட்டு வெளியேறினர். கீரிமலையும் மாவிட்டபுரமும் காங்கேசன்துறையும் அவ்வூர்களுட் சேர்ந்தவை. 1995 அக்டோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில், மழையிலே, செம்மணி வழியாகவும் நாவற்குழிப் பாலத்தின் வழியாகவும் தென்மராட்சி நோக்கி நடந்தனர். தலைமுறை தலைமுறையாக எல்லைக் கதிகாலைக் காத்தவர்கள், ஒரே இரவில், தலைமேல் மூட்டையோடு வழிப்போக்கராயினர். பிறர் வீட்டுத் திண்ணையிலும் பாடசாலை மண்டபத்திலும் படுத்தனர். பின்னர் பலர் கடல் கடந்து தொலைநாடுகளுக்கும் போயினர். ‘உன் நாடு எது? உன் ஊர் எது?’ என்று குறத்தியிடம் கேட்ட கேள்வி அவர்களிடமும் கேட்கப்பட்டது. அவர்களும் குறத்தியைப் போலவே, இல்லாத ஊரின் வளத்தை, கேணியையும் பனங்கூடலையும் தேர்த்திருவிழாவையும், ஒன்றொன்றாக எண்ணி விடை கூறினர்.

அப்போதுதான் குறத்தியின் மலைவளப் பாட்டுக்கு முழுப்பொருள் கிடைக்கிறது. கவலையற்றவளின் களிப்பு மட்டுமே அதில் இருக்கிறதென்று எண்ணுவது பிழை. கையில் ஒன்றும் இல்லாதவள், தன்னிடம் இருந்ததை நினைவாற் காத்து, தன்னை ஒன்றுமில்லாதவளாக எண்ணுவோர் முன்னால் எடுத்து வைக்கும் பாட்டு அது. மருந்து வேளை ஒலிக்கும் நடுவில் மேசைமேல் ஏறிப் பாடிய நியூயோர்க் இளைஞர்களின் பாட்டும் அத்தகையதே. அதில் கொண்டாட்டம் உண்டு. அக்கொண்டாட்டத்துக்குள் ஓர் உரிமைக் கோரிக்கையும் உண்டு. ‘நாங்களும் மனிதர், எங்களுக்கும் ஒரு மலை உண்டு’ என்பதே அக்கோரிக்கை.

யாழ்ப்பாணத்துப் பாடசாலை விழாக்களில், கூடையும் பாசிமணியும் அணிந்த சிறுவர் சிறுமியர் குறவன் குறத்தி நடனம் ஆடுவது நெடுநாளைய வழக்கம். பார்ப்போர் கைதட்டுவர், பெற்றோர் படம் பிடிப்பர். அந்த ஆட்டம் அழகியது, ஆடப்பட வேண்டியது. ஆடிய பிள்ளை வீட்டுக்குத் திரும்பி, படலையில் நிற்கும் உண்மைக் குறத்தியைக் காணும்போது, ‘உங்கள் மலை எது?’ என்று மரியாதையோடு கேட்கக் கற்றிருக்குமானால், விசுவநாத சாஸ்திரியாரும் சேனாதிராய முதலியாரும் பாடிய பாட்டு படலையைத் தாண்டி முற்றத்துக்கு வந்துவிட்டது என்று கொள்ளலாம். வீட்டுக்குள் அழைத்து இருத்தித் தண்ணீர் கொடுப்பது அதற்கடுத்த படி.